ஆயா வீடு: வடசென்னையில் ஒரு குடும்பக் காப்பகத்தின் மூன்று தலைமுறைக் கணக்கு

ராயபுரத்திற்கும் பழைய வண்ணாரப்பேட்டைக்கும் இடையே, ஒரு மீன்பாடி வண்டி நுழைந்துவிட்டால் எதிரில் வருபவர் யார் வீட்டுப் படியிலாவது ஏறி நிற்க வேண்டிய குறுக்குத் தெரு ஒன்றில், ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகளாக ஒரே குடும்பம் ஊரார் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு வருகிறது. வாசல் பலகையில் மழலையர் விளையாட்டுப் பள்ளி என்றும், அதற்குக் கீழே சிறிய எழுத்தில் குழந்தைகள் காப்பகம் என்றும் எழுதியிருக்கிறது. தெருமுனையில் அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் சற்று யோசிப்பார்கள். பிறகு, ஆயா வீடா என்று திருப்பிக் கேட்டுவிட்டுக் கை காட்டுவார்கள். வடசென்னையில் பாட்டியை ஆயா என்றுதான் அழைப்போம். கூலிக்குக் குழந்தை பார்க்கும் பெண்மணிக்கும் அதே சொல்தான். இந்த இரண்டு பொருளுக்கும் நடுவில்தான் இந்த வீட்டின் வரலாறு முழுவதும் நடந்திருக்கிறது என்பதால், அந்தப் பெயரையே இவ்வாய்வுக்கும் வைத்துக்கொண்டேன்.

குடும்பத்தாரின் விருப்பப்படி எவர் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. தொடங்கியவர், அவருடைய மூத்த மருமகள், மருமகளின் மகள் ஆகிய மூவரிடமும் தனித்தனியே பேசினேன். பழுப்பேறிய நீள நோட்டுகளில் அவர்கள் எழுதி வைத்திருந்த வரவு செலவுகளைப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். சில நாட்கள் அதிகாலையிலும் சில நாட்கள் இரவிலும் அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பகலில் மட்டும் சென்று வந்திருந்தால் இந்த வீட்டில் பாதிதான் தெரிந்திருக்கும்.

விடியலுக்கு முந்தைய நேரம்

தொடங்கியவரின் கணவர் துறைமுகத்தில் சுமை தூக்கும் தொழிலாளி. எழுபதுகளின் இறுதியில், பக்கத்து வீட்டில் மீன் விற்கும் பெண் ஒருவர், காய்ச்சலில் கிடந்த தம் மாமியாருக்குப் பதிலாக, ஒரு நாள் மட்டும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டிருக்கிறார். அந்த ஒரு நாள் ஒரு வாரமாயிற்று. அடுத்த மாதம் நடையின் உத்திரத்தில் மூன்று தூளிகள் தொங்கின. திட்டமிட்டோ முதலீடு போட்டோ தொடங்கியது என்று சொல்ல இதில் எதுவும் இல்லை.

அந்தப் பெண்களின் வேலை நேரத்தைத் தெரிந்துகொண்டால்தான் இந்த வீட்டின் தேவை விளங்கும். காசிமேட்டில் மீன் ஏலம் விடியலுக்கு வெகு முன்பே தொடங்கிவிடும். மூன்று மணிக்கு எழுந்து, அன்னக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய், நான்கைந்து பேர் சேர்ந்து ஏலத்தில் எடுத்த மீனைப் பங்கு பிரித்து, ஐஸ் போட்டு, வண்டியிலோ தலைச்சுமையாகவோ தங்கசாலை, பெரம்பூர், கொளத்தூர் என்று அவரவர் வாடிக்கைத் தெருக்களுக்கு விற்கப் போனால், வீடு திரும்ப மதியம் ஒன்று இரண்டாகும். அந்த நேரத்தில் கைக்குழந்தையை வைத்துக்கொள்ள நகரத்தில் எந்த நிறுவனமும் இல்லை. அவர்களுக்கு முதலாளி என்று ஒருவர் இல்லாததால், சட்டமும் அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், பெண்கள் 50 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. 1976-இல் அந்த எண்ணிக்கை 30 ஆகக் குறைக்கப்பட்டது. ஏலத்தில் கூவி மீன் எடுப்பவருக்கு அது 30 ஆனாலும் 50 ஆனாலும் ஒன்றுதான்.

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975-இல் தொடங்கிவிட்டது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டம் கிராமப்புறக் குழந்தைகளுக்குத் தொடங்கி, அதே ஆண்டு செப்டம்பர் 15 முதல் நகரங்களுக்கும் விரிந்தது. அதன் பயன் இரண்டு வயதுக் குழந்தையிலிருந்து கிடைத்தது. ஆனாலும் பால்வாடி திறக்கும்போது பொழுது நன்றாக விடிந்திருக்கும். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை அங்கே விட்டுவிட்டு வர முடியாது. தொடங்கியவர் இதற்கு எளிய வழி கண்டார். இருட்டில் வந்து சேரும் குழந்தைகளில் பெரியவர்களைக் குளிப்பாட்டித் தலைவாரி, தாமே பால்வாடிக்கு நடத்திச் சென்று விடுவார். சாப்பாட்டுக்குப் பிறகு திரும்ப அழைத்து வருவார். இடைப்பட்ட நேரத்தில் வீட்டிலிருக்கும் கைக்குழந்தைகளுக்குக் கேழ்வரகுக் கூழ் காய்ச்சிக் கொடுப்பார். அரசின் சோறும் இந்த வீட்டின் தூக்கமும் ஒன்றுக்கொன்று துணையாக நின்ற அந்த ஏற்பாட்டை, பிற்காலத்தில் வந்த எந்தத் திட்ட அறிக்கையையும் விட நான் மதிக்கிறேன்.

கூலி காசாகவும் வரும், மீனாகவும் வரும். பழைய நோட்டுகளில் ஒரு பெயருக்கு எதிரே நாலணாவும் எட்டணாவும் இருக்கும்; அடுத்த பெயருக்கு எதிரே ஒரு கூறு சுதும்பு, ஒரு கூறு நெத்திலி என்று இருக்கும். 2001-இலிருந்து இந்தக் கணக்கில் புதிதாக ஒரு சொல் நுழைகிறது: தடைப் பாக்கி. மீன் இனப்பெருக்கத்திற்காக விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்ற தடை அந்த ஆண்டு முதல் ஏப்ரல் 15 தொடங்கி 45 நாட்களுக்கு நடைமுறைக்கு வந்தது. 2017 முதல் அது ஜூன் 14 வரை 61 நாட்களாயிற்று. அந்த நாட்களில் ஏலத்துக்கு வரும் மீன் குறைந்து, விலை ஏறி, சில்லறை விற்பனைப் பெண்களுக்கு வேலை இருக்காது. சித்தாள் வேலைக்கோ, கல்யாணச் சத்திரங்களில் பாத்திரம் துலக்கவோ போவார்கள். பள்ளிகளுக்கெல்லாம் கோடை விடுமுறையாக இருக்கும் அந்த இரண்டு மாதங்களில், இந்த வீடு ஒரு நாள்கூட மூடியதில்லை, பணமும் வந்ததில்லை. ஜூலை, ஆகஸ்டில் பாக்கி சிறுகச் சிறுக அடையும். வராமல் போன பாக்கிகளின் மேல் குறுக்குக் கோடு போட்டிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டதற்கு, அந்தப் பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போய்விட்டது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குச் சொல்லப்படவில்லை.

டீச்சர் வந்த பிறகு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மூத்த மருமகள் இந்த வீட்டுக்கு வந்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர். திருமணத்திற்குப் பிறகு மாமியாரின் ஒப்புதலோடு மாண்டிசோரி முறையில் ஓராண்டுப் பயிற்சி பெற்றார். மரியா மாண்டிசோரி 1939-இல் அடையாறுக்கு வந்து, போர் முடியும் வரை இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களைப் பயிற்றுவித்ததால், அம்முறை சென்னைக்குப் புதிதல்ல. ஆனால் அது கூவத்திற்கு வடக்கே, அதுவும் கூலிக்காரர் தெருக்களுக்கு, மிக அரிதாகவே வந்தது. விலை கொடுத்து வாங்க முடியாத கருவிகளை அவர் தாமே செய்தார். உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டி, குழந்தையின் ஆள்காட்டி விரலைப் பிடித்து அகரத்தின் சுழியில் நடத்திக் காட்டினார். எண்ணுவதற்குப் புளியங்கொட்டையும் சோழியும் போதுமாக இருந்தன. தண்ணீரை ஒரு செம்பிலிருந்து இன்னொன்றுக்குச் சிந்தாமல் ஊற்றும் பயிற்சியைக் குழந்தைகள் மிக விரும்பினர் என்றும், அடிபம்பில் தண்ணீர் வராத கோடைகளில் அதை நிறுத்திவிட்டு அரிசியை ஊற்றச் சொன்னதாகவும் கூறினார்.

அதே காலத்தில் தாய்மாரின் முகமும் மாறத் தொடங்கியது. நடந்து போகும் தூரத்திலுள்ள எம்.சி. ரோட்டின் துணிக்கடைகளில் விற்பனைப் பெண்களாக வேலைக்குப் போனவர்கள் குழந்தைகளைக் கொண்டுவந்து விட்டனர். கடை திறப்பது காலை பத்து மணிக்கு. சாத்துவது இரவு ஒன்பதரைக்கு மேல். தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் அதற்கும் மேலாகும். நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்து கால் வீங்கி வருவார்கள். கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்ற சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 2021-இல்தான் வந்தது. தூங்கிவிட்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்கள் போன பிறகு, வாசலைக் கழுவி விட்டு இந்த வீட்டார் படுக்கும்போது பதினொன்றாகும். மீன்காரப் பெண்கள் நான்கு மணிக்குள் கதவைத் தட்டிவிடுவார்கள்.

ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம் ஒரு காப்பகம் திறந்திருப்பது எப்படி முடிந்தது என்பதே இந்த ஆய்வில் நான் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி. அதிகாலை மாமியாருடையது. பகல் மருமகளுடையது. இரவில், துறைமுகத்திலிருந்து ஓய்வு பெற்ற மாமனார் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கதை சொல்லித் தூங்க வைப்பார். சமையல் வீட்டாருக்கும் குழந்தைகளுக்கும் ஒன்றுதான். கூலிக்கு வைத்திருந்த உதவிப் பெண் ஒருவருக்கு மட்டும் நோட்டில் சம்பளம் இருக்கிறது. மாமியாருக்கோ மருமகளுக்கோ, அந்த நோட்டுகள் எதிலும், எந்த மாதத்திலும், ஒரு ரூபாய்கூடச் சம்பளமாக எழுதப்படவில்லை. மீதமாகும் தொகை வீட்டுச் செலவில் கலந்துவிட்டது. அவர்கள் இருவரின் உழைப்புக்கு உதவிப் பெண்ணின் சம்பளத்தையே அளவாக வைத்து நான் ஒரு மாதக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன், வரவு போதவில்லை. வேறு வேறு ஆண்டுகளில் இன்னும் சில மாதங்களுக்குப் போட்டேன், அவற்றிலும் போதவில்லை. இந்த வீடு லாபத்தில் நடந்தது என்ற எண்ணம் இரண்டு பெண்களின் கணக்கில் வராத உழைப்பின் மேல் நின்றிருந்தது என்பதை அந்தக் குடும்பமே அதுவரை எழுதிப் பார்த்ததில்லை.

இடையில் ஓராண்டு மட்டும் அதிகாலைப் பிரிவை நிறுத்தினார்கள். எல்.கே.ஜி. சேர்க்கைக்குப் பெரிய பள்ளிகள் மூன்றரை வயதுக் குழந்தையை நேர்காணல் செய்த காலம் அது. அந்த நேர்காணலுக்குத் தயார் செய்யும் நர்சரியாக மாற வேண்டும் என்று கடைக்காரக் குடும்பங்கள் கேட்டன. கட்டணமும் கூடுதலாகத் தந்தன. சீருடை வந்தது, ஆங்கில ரைம்ஸ் வந்தது, கதவு எட்டரை மணிக்குத்தான் திறந்தது. சில மாதங்கள் கழித்து, பள்ளி நேரத்தில் தெருக் குழாயடியில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பதைத் தொடங்கியவர் பார்த்தார். அந்தத் தம்பி முன்பு இந்த வீட்டுத் தூளியில் தூங்கியவன். விசாரித்தபோது, அதே தெருவிலும் அடுத்த தெருவிலுமாக இன்னும் சில சிறுமிகள் அவ்வாறே பள்ளிக்குப் போகாமல் நின்றுவிட்டது தெரிந்தது. மறுநாள் விடியலுக்கு முன் கதவு மீண்டும் திறந்தது. மருமகள் இதை என்னிடம் சொல்லும்போது, சீருடை வாங்கிய அந்த ஆண்டைப் பற்றி இன்றும் தமக்கு வருத்தம் உண்டு என்றார். குழந்தைகளைச் சேர்ப்பதற்குத் தேர்வோ நேர்காணலோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் விதித்து, அது நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரலில்தான்.

2004

இந்த வீட்டின் நோட்டுகளில் மிகுதியான அடித்தல் திருத்தல்கள் உள்ள ஆண்டு 2004. ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறைத் தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்த செய்தி வந்தபோது, இந்த வீட்டின் மொட்டை மாடியிலும் ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. வெயில் தாங்காத மதியங்களில் குழந்தைகள் அங்கேதான் படுப்பார்கள். மாடிப்படி சமையலறையை ஒட்டி இருந்தது. தொலைக்காட்சியில் பார்த்த அன்றிரவு குடும்பத்தில் எவரும் தூங்கவில்லை. மறுநாளே கீற்றைப் பிரித்துப் போட்டனர். அடுத்த சில வாரங்களில் அடுப்பு பின்கட்டுக்குப் போனது. சிலிண்டர் சுவருக்கு வெளியே வைக்கப்பட்டது. இரண்டு கதவுகளும் வெளிப்புறமாகத் திறக்கும்படி மாற்றப்பட்டன. சன்னல் கம்பிகளில் ஒன்று, தேவைப்பட்டால் கழற்றும்படி தாழ்ப்பாளோடு அமைக்கப்பட்டது. எந்த அதிகாரியும் வந்து சொல்வதற்கு முன் செய்த வேலைகள் இவை. குழந்தைகளை மாடியில் படுக்க வைக்கும் வழக்கம் அன்றோடு முடிந்தது.

அதே ஆண்டு டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. மீன் விற்பனைக்கு ஞாயிறுதான் பெரிய நாள் என்பதால் அதிகாலையில் எல்லாத் தூளிகளும் நிறைந்திருந்தன. ஒன்பது மணிவாக்கில் கடல் உள்ளே வந்துவிட்டது என்று தெருவெல்லாம் ஓட்டமும் கூச்சலுமானது. தண்ணீர் இந்தத் தெரு வரை வரவில்லை. ஆனால் காசிமேட்டிலிருந்து வர வேண்டியவர்கள் வரவில்லை. மதியத்திற்குள் பெரும்பாலான தாய்மார் வந்து குழந்தைகளை அள்ளிக்கொண்டு போயினர். மாலை வரை காத்திருந்த குழந்தைகளை, சித்தப்பா என்றும் அத்தை என்றும் சொல்லிக்கொண்டு வந்தவர்களிடம் கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தவித்ததைத் தம் வாழ்வின் மிகக் கடினமான மணிநேரமாக மருமகள் நினைவுகூர்கிறார். ஒரு குழந்தையின் தாய் மருத்துவமனையில் இருந்துவிட்டு மறுநாள் மாலைதான் வந்தார். அந்த வாரமே ஒரு தனிப் பதிவேடு தொடங்கப்பட்டது. ஒவ்வொரு குழந்தைக்கும் தாய் தந்தையைத் தவிர, அழைத்துச் செல்லும் உரிமை உள்ள இருவரின் பெயர், முகவரி, தாயின் கையொப்பம் அல்லது கைநாட்டு. இப்போது அதில் புகைப்படமும் ஒட்டுகிறார்கள்.

சான்றிதழ்களும் வீட்டுப் பத்திரமும்

விளையாட்டுப் பள்ளிகளுக்கெனத் தமிழக அரசு 2015-இல் தனி விதித்தொகுப்பு வெளியிட்டது. கட்டட உரிமம், கட்டட உறுதி, சுகாதாரம், தீயணைப்பு எனச் சான்றிதழ்களைத் திரட்ட வேண்டிய கட்டாயம் வந்தபோது, குழந்தைகளின் பாதுகாப்புக்கான பெரும்பாலான வேலைகளை இந்த வீடு முன்பே செய்து முடித்திருந்தது. சிக்கல் வேறு இடத்தில் வந்தது. கட்டடம் யாருடையது என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. மாமனார் உயில் எழுதாமல் இறந்திருந்தார். அவர் சுயமாகச் சம்பாதித்து வாங்கிய வீடு என்பதால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் என நால்வருக்கும் சம பங்கு. அந்த வீட்டில் கால் நூற்றாண்டாக நாள் முழுவதும் உழைத்த மருமகளுக்குத் தம் பெயரில் ஒரு சதுர அடியும் இல்லை.

இளைய மகன் தம் பங்கை விற்க விரும்பினார். அவருக்கும் பிள்ளைகளின் படிப்புச் செலவு இருந்தது, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. மகள் தம் பங்கை அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். இளையவருக்குக் கொடுக்க வேண்டிய தொகைக்கு மருமகளின் நகைகள் அடகுக்குப் போயின. அப்போது, எவரும் எதிர்பாராதபடி, தொடங்கியவர் தம் கால் பங்கை மகனுக்கு எழுதாமல் மருமகள் பெயருக்கு செட்டில்மெண்ட், அதாவது விலை வாங்காமல் சொத்தை மாற்றிக் கொடுக்கும் பத்திரம், எழுத வேண்டும் என்றார். குடும்ப உறுப்பினர்களுக்கு எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத்தாள் கட்டணத்தில் உள்ள சலுகை மருமகளுக்குப் பொருந்தாது என்றும், மகனுக்கு எழுதினால் பெருந்தொகை மிஞ்சும் என்றும் பத்திரம் எழுதுபவர் எடுத்துச் சொன்னார். மிஞ்சும் பணம் தமக்கு வேண்டாம் என்று அந்த அம்மையார் முடித்துவிட்டார். மாமியாரும் மருமகளும் ஒரே ஆட்டோவில் சார்பதிவாளர் அலுவலகம் போய்வந்த அந்த நாளைப் பற்றி இருவருமே அதிகம் பேசவில்லை. ஆனால் விளையாட்டுப் பள்ளிக்கான விண்ணப்பத்தில் நடத்துபவர் பெயராக மருமகளின் பெயர் இடம்பெற்றது அதன் பிறகுதான்.

அனுமதி பகல் நேரப் பள்ளிக்கு. அதிகாலையும் இரவும் அந்தத் தாளில் இல்லை. பள்ளியைப் பற்றிய விதிகள் வகுப்பறையையும் ஆசிரியரையும் கழிப்பறையையும் அளக்கின்றன; அவற்றை அளப்பது தேவைதான். தாய் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார் என்பதை அவற்றில் எதுவும் கேட்பதில்லை. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் காப்பகம் கேட்டது. எட்டுப் பேர் வேலை செய்யும் துணிக்கடையும், ஒருவரும் வேலைக்கு வைக்காத மீன் சந்தையும் அதற்கு வெளியேதான் நிற்கின்றன. இந்த இடைவெளியைச் சட்டம் நிரப்ப வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அதுவரை அதை இப்படிப்பட்ட வீடுகள்தான் தாங்கிக்கொண்டிருக்கும்.

மூடியிருந்த காலமும் புதிய நோட்டும்

2020 மார்ச்சில் மூடிய கதவு, மழலையர் பள்ளிகளைத் திறக்க அனுமதி வந்த 2022 பிப்ரவரி 16 வரை அதிகாரப்பூர்வமாகத் திறக்கவில்லை. முதல் அலையில் ராயபுரம் மண்டலம் நகரத்திலேயே மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஒன்று. உதவிப் பெண்ணுக்கு ஓராண்டு வரை பாதிச் சம்பளம் கொடுத்தார்கள்; பிறகு அதுவும் முடியவில்லை. திறந்தபோது வந்த குழந்தைகளில் பலர் வீட்டார் தவிர வேறு முகமே பார்த்திராதவர்கள். அவர்கள் தூளியில் படுக்கவும் பிற குழந்தைகளுக்கு அருகில் உட்காரவும் பழக வழக்கத்தை விட வெகுநாள் பிடித்தது என்கிறார் மருமகள்.

இந்த இடைவெளியில்தான் பேத்தி பொறுப்புக்கு வந்தார். வணிகவியல் படித்துவிட்டு ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். பாட்டியைத் தெருவே ஆயா என்கிறது, அம்மாவை டீச்சர் என்கிறது. இவரைக் குழந்தைகள் மிஸ் என்கிறார்கள். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்ட பிறகு, தெற்கே அலுவலகங்களுக்குப் போகும் இளம் தாய்மாரும் இங்கே வரத் தொடங்கியிருந்தனர். அவர்களால் கூடுதல் கட்டணம் கொடுக்க முடிந்தது. அந்தத் தொகையை அதிகாலைப் பிரிவுக்குத் திருப்பிவிடலாம் என்று பேத்தி கணக்குப் போட்டார். அதற்காக எல்லாச் செலவுகளையும் புதிய நோட்டில் வரிசையாக எழுதியபோதுதான், அம்மாவின் சம்பளத்துக்கு ஒரு பத்தியே இதுவரை இருந்ததில்லை என்பதைக் கண்டார். நான் நோட்டுகளைப் பார்க்கக் கேட்டபோது அவர் உடனே சம்மதித்ததற்கும் அதுவே காரணம்.

புதிய நோட்டில் உதவிப் பெண்கள் இருவருக்கும் உரிய சம்பளம் இருக்கிறது. அதிகாலைக்கென்று அதே தெருவில் மீன் விற்பதை நிறுத்திவிட்ட பெண் ஒருவர் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். சிறுவயதில் இந்த வீட்டுத் தூளியில் தூங்கியவர் அவர். தொடங்கியவரால் இப்போது குழந்தையைத் தூக்க முடியாது. ஆனாலும் நான்கு மணிக்கு எழுந்து வாசலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்து சேரும் ஒவ்வொரு குழந்தையின் நெற்றியையும் புறங்கையால் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே உள்ளே அனுப்புகிறார்.

நான் கடைசியாகச் சென்றது மே மாதத்தில், தடைக்காலத்தின் நடுவில். அந்த மாதக் கணக்கைப் பேத்தி முடித்துக்கொண்டிருந்தார். அம்மாவின் பெயருக்கு நேரே சம்பளத் தொகையை எழுதிவிட்டு, கல்லாவில் இருப்பதைப் பார்த்து நிமிர்ந்தார். மருமகள் அடுப்படியிலிருந்தே, அதைத் தடைப் பாக்கியில் எழுதச் சொன்னார். பேத்தி சிறிது நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, மீன்காரப் பெண்களின் பெயர்களுக்குக் கீழே, அம்மாவின் பெயரையும் சேர்த்து எழுதினார். எதிரே, ஜூலையில் தர வேண்டியது என்று குறித்தார்.